இவானெல்சாவின் குறிப்பேடு

பிரேசிலின் வறண்ட வடகிழக்கில், கிஷாடாவில்,
அடைகாக்கும் கோழி மாதிரி ஒரு பாறை உண்டு.
அதன் நிழல் எட்டாத தெருவில்
பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம்.
மின்விசிறி சுற்றுகிறது.
காற்றுதான் வரவில்லை.

முத்திரையை மையில் ஒற்றியபடி
இவானெல்சா கேட்கிறாள்: "பெயர்?"
பிறகு, எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி:
"எங்கிருந்து எடுத்தீர்கள்?"
பதிலை அரசாங்கப் பேரேட்டில் எழுதுவதில்லை.
மேசை இழுப்பறையில், பிஸ்கட் பொட்டலத்துக்கு அடியில்,
அவளுக்கென்று ஒரு குறிப்பேடு.

ஜில்டாசியோவும் லுசினெய்டியும் வந்திருக்கிறார்கள்.
இது ஐந்தாவது.
ஜில்சினெய், லுசில்டா, ஜிலுசினா, டாசினெய்டி
என்று நான்கு முறை கலைத்து அடுக்கியாயிற்று.
"ரெண்டு பேர் பேரிலும் எழுத்து தீர்ந்துபோச்சு" என்கிறார் அவர்.
பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் கேட்பதுபோல்
மாமியாரிடம் ஒரு 'வா' வாங்கி வந்திருக்கிறார்கள்.
வாசினெய், மூன்று கிலோ நூறு கிராம், தூங்குகிறான்.

எவுஸ்மேயாவின் அப்பா லாரி ஓட்டுகிறவர்.
கடவுள் எனக்கு வழிகாட்டுகிறார் என்று
பின்பலகையில் எழுதியிருந்த வாசகத்தில்
வெயில் தின்றதுபோக மிஞ்சியது அவ்வளவுதான்.
கடவுளில் ஓர் எழுத்தும்
வழிகாட்டலில் இரண்டும் உதிர்ந்திருந்தன.
"வண்டி அப்படியும் ஓடுதே" என்றார்.
அதையும் எழுதிக்கொண்டாள்.

பெயரை மாற்ற வந்த பையனும் உண்டு.
வகுப்பில் வருகை எடுக்கும் ஆசிரியை
அவன் பெயருக்கு முன் மட்டும்
ஒரு மூச்சு இழுத்துக்கொள்கிறாளாம்.
அந்த மூச்சிலேயே கையைத் தூக்கிவிடுகிறானாம்.
மாற்றமாட்டேன் என்று வாசலிலேயே திரும்பிப் போனான்.
ஏனென்று கேட்க அவள் எழுந்தபோது
சைக்கிள் போய்விட்டது.
குறிப்பேட்டில் அந்த வரி பாதியில் நிற்கிறது.

காரணம் தெரிந்தால் காரணப்பெயர்,
தெரியாவிட்டால் இடுகுறி என்கிறது நம் இலக்கணம்.
நடுவில் இருக்கும் கோட்டை
போர்த்துகீசியம் மட்டுமே தெரிந்த இவள்
கை வேர்வையால் அழித்துக்கொண்டிருக்கிறாள்.

மூடும் நேரத்தில் ரோசிமார்.
வயது பத்தொன்பது. கூட யாருமில்லை.
தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
"நௌரே" என்றாள்.
யார் பெயர்? யார் பெயருமில்லை.
தொலைக்காட்சித் தொடரா? இல்லை.
புனிதர் யாராவது? இல்லை.
உன் பெயரில் பாதி?
வேண்டாம், அதில் என் அப்பா இருக்கிறார்.

பிள்ளையை ஊர் சிரிக்கும் என்று தோன்றினால்
மறுக்கலாம், சட்டம் இருக்கிறது.
சிவப்புப் பென்சில் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"ஒவ்வொரு சத்தமா சொல்லிப் பார்த்தேன்" என்றாள் அவள்,
"இதைச் சொல்லி இதுவரைக்கும்
யாரும் யாரையும் திட்டினதில்லை."

இவானெல்சா தட்டச்சு செய்தாள்.
கடைசி எழுத்துக்கு மேல் தொப்பிக்குறி வேண்டும்.
அந்த விசை ஒட்டிக்கொள்ளும்.
இரண்டு முறை அழுத்தினாள்.

அன்றிரவு குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் பிரித்தாள்.
இவான், எல்சா.
மூன்று வயதில் அப்பா
சாவ் பாவ்லோவுக்குக் கட்டட வேலைக்குப் போனார்.
அதன் பிறகு அவர்கள் இருவரும்
சேர்ந்து குடியிருக்கும் இடம் இவள் பெயர் ஒன்றுதான்.
அம்மா ஒருநாள் ஆத்திரத்தில்
முன்பாதியை வெட்டி எறிந்தாள்.
அன்றுமுதல் வீட்டில் இவள் னெல்சா.

கத்தி சரியான இடத்தில் விழவில்லை.
அவருடைய மெய்யின்மேல்
அம்மாவின் உயிர் எப்போதோ ஏறி உட்கார்ந்துவிட்டது.
சமையலறையிலிருந்து
"னெல்சா, சாப்பிட வா" என்று அம்மா கூப்பிடும்போதெல்லாம்
ஒற்றைப் புள்ளியையும் இழந்துவிட்டு
அவர் கொஞ்சம் உள்ளே வருகிறார்.

அவள் அம்மாவிடம் இதைச் சொன்னதில்லை.